பயணப் புகைப்படக்கலையும் மென்பொருள் பொறியாளரும்

(மகாவீரர் ஜயந்தி விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



தமிழ்ச் சமணர் இல்லங்கள் பலவற்றில் இன்று மென்பொருள் துறையில் பணிபுரியும் மகனோ மகளோ மருமகளோ இருக்கின்றனர். திங்கள் முதல் வெள்ளி வரை கணினித் திரையின் முன் அமர்ந்திருக்கும் அவர்களுள் சிலர், சனிக்கிழமை விடியுமுன் தோளில் ஒரு கேமராப் பையை மாட்டிக்கொண்டு வெளியே புறப்பட்டுவிடுகின்றனர். வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு இது விளங்குவதில்லை. ஒரு திங்கள் ஊதியத்தைக் கொட்டி வாங்கிய கருவி, பெட்ரோல் செலவு, திரும்பி வந்தால் முழங்கால் வலி, கணினியில் ஆயிரக்கணக்கான படங்கள். இவற்றால் என்ன பயன் என்று அவர்கள் கேட்பது நியாயமான கேள்வியே. அக்கேள்விக்கு நேர்மையான விடை தேடுவதே இவ்வுரையின் நோக்கம்.

முதலில், மென்பொருள் பொறியாளர்க்கு இக்கலையில் ஏன் இத்தனை ஈடுபாடு என்பதைக் காண்போம். இன்றைய புகைப்படம் அவருக்கு அயலான பொருளன்று. அது எண்களின் கட்டம். 1975ஆம் ஆண்டில் கோடாக் நிறுவனத்துப் பொறியாளர் ஸ்டீவன் சாசன் உருவாக்கிய முதல் எண்மக் கேமரா, நூறு வரிசையும் நூறு நிரையும் கொண்ட பத்தாயிரம் புள்ளிகளால் ஆன ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிவு செய்ய 23 வினாடிகள் எடுத்துக்கொண்டது. இன்று கையடக்கப் பேசியே கோடிக்கணக்கான புள்ளிகளை நொடிப்பொழுதில் பதிகிறது. சாதாரண ஜேபெக் கோப்பு ஒவ்வொரு நிறத்திற்கும் 256 படிகளை மட்டும் வைத்துக்கொள்ள, 14 பிட் மூலக்கோப்பு 16,384 படிகளை வைத்திருக்கிறது. ஆதலால் குகையின் இருட்டையும் வாயிலின் வெயிலையும் ஒரே படத்தில் காக்க வேண்டுமாயின் மூலக்கோப்பாக எடுப்பதே நலம். இக்கணக்கை வேறு யாரினும் விரைவாக ஒரு பொறியாளர் புரிந்துகொள்வார்.

இன்னுமொரு செய்தியும் நம் இல்லங்களில் அறியத்தக்கது. பழைய படச்சுருளில் ஒளியை ஏற்கும் பூச்சு, விலங்குகளின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கப்படும் ஜெலட்டினால் ஆனது. 1871இல் ரிச்சர்டு மேடக்ஸ் என்பவர் அம்முறையை வெளியிட்டது முதல் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் புகைப்படச்சுருள் பெரும்பாலும் அதனை நம்பியே இருந்தது. எண்மக் கேமராவின் உணரிக்குச் சிலிக்கான் போதும். அவ்வகையில், கொல்லாமையைப் போற்றும் குடும்பத்து இளைஞர் படச்சுருளைக் காட்டிலும் எண்மக் கேமராவை மனங்கூசாமல் கையிலெடுக்கலாம்.

எனினும் கருவியைப் பற்றிய அறிவு ஒரு பாதியே. மறுபாதி, அலுவலக அறையில் எளிதிற் கிட்டாத ஒன்று: காத்திருத்தல். நிரலில் பிழை இருந்தால் திருத்தி உடனே மீண்டும் இயக்கிப் பார்க்கலாம். மேகம் விலகுவதை விரைவுபடுத்த எந்தக் கட்டளையும் இல்லை. ஒரு பாறையின் முன் இரண்டு மணி நேரம் அமர்ந்து, ஒளி நகர்வதைப் பார்த்துக்கொண்டிருக்கும் இளைஞர், தம்மை அறியாமலே பார்வையைப் பழக்கிக்கொள்கிறார்.

இதற்கு நம் மலைகளைக் காட்டிலும் நல்ல பள்ளி வேறில்லை. செஞ்சிக்கு அருகிலுள்ள திருநாதர்குன்றில், ஒரே பாறையில் இரண்டு வரிசைகளாக இருபத்துநான்கு தீர்த்தங்கரரும் செதுக்கப்பட்டுள்ளனர். ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகைக் கல்வெட்டும் அக்குன்றில்தான் இருக்கிறது. விடிந்தவுடன் எடுத்தால்தான் படம் அழகாக வரும் என்று புகைப்பட நூல்கள் கூறுகின்றன. அந்த அறிவுரையை மட்டும் நம்பி, கிழக்கு நோக்கிய ஒரு செங்குத்துப் பாறையின் முன் சூரியோதயத்தில் நிற்பவர் ஏமாந்துபோவார். காலைக் கதிர் அத்தகைய பாறையை நேருக்குநேர் தாக்குவதால் செதுக்கலின் ஆழம் மறைந்து எல்லாம் தட்டையாகத் தோன்றும். கதிரவன் ஏறி, ஒளி பாறையை மேலிருந்து உரசிக்கொண்டு இறங்கும் முற்பகலின் இறுதியில்தான் எழுத்தின் ஒவ்வொரு வரைக்கோடும் நிழலோடு எழுந்து நிற்கும். இதற்கு மாறாக, தரைப்பாறையில் வெட்டப்பட்ட எழுத்துகளுக்கும் கற்படுக்கைகளுக்கும் விடியற்காலையின் தாழ்ந்த ஒளியே உகந்தது. வடக்கு நோக்கிய பாறை முகத்தில் மார்கழியிலும் தையிலும் நேர்வெயில் விழுவதே இல்லை. சித்திரை முதல் ஆடி வரை காத்திருத்தல் வேண்டும். புறப்படுமுன் நிலப்படத்தில் திசையைப் பார்த்துக்கொள்வது, வழிச்செலவையும் ஏமாற்றத்தையும் ஒருங்கே குறைக்கும்.

இதில் நம்மவர்க்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. மாலை மயங்கும் பொழுதின் பொன்னொளியைப் புகைப்படக்காரர்கள் பெரிதும் போற்றுவர். கதிரவன் மறையுமுன் உணவை முடித்தல் வேண்டுமென்பது நம் நோன்பு. மலையுச்சியில் ஒளிக்காகக் காத்திருந்து, கீழே இறங்கி வருவதற்குள் இருட்டிவிட்டால், அன்றிரவு பட்டினிதான். இதனைக் குறையாகக் கருத வேண்டியதில்லை. கட்டுச்சோற்றை எடுத்துச் சென்று, நான்கரை மணிக்கே மர நிழலில் அமர்ந்து உண்டுவிட்டுப் பின்னர் கேமராவை எடுப்பவர்க்கு இருவகையிலும் நிறைவு. எடுத்துச்சென்ற இலையையும் உறையையும் திரும்பக் கொண்டுவருதல் அதன் தொடர்ச்சி. மழைக்காலத்திலோ, மலைகள் பசுமை போர்த்து மிக அழகாக இருக்கும். அப்பொழுதே புல்லெங்கும் சிற்றுயிர்கள் மலிந்திருக்கும். சாதுர்மாசத்தில் முனிவர்கள் ஓரிடத்தே தங்குவதன் காரணமும் அதுவே. அக்காலத்தில் மலையேறும் இல்லறத்தார், படத்தின் கோணத்திற்காகப் பின்னோக்கி நகரும்போதுகூடக் காலடியைப் பார்த்தே நகர வேண்டும். பின்னோக்கி நடந்து பாறை விளிம்பிலிருந்து விழாமலிருக்கவும் அப்பழக்கம் உதவும்.

அடுத்து, பயணப் படங்களால் ஏதேனும் பயன் விளைந்ததுண்டா என்னும் கேள்வி. வரலாறு விடை தருகிறது. 1850களின் பிற்பகுதியில் சென்னை அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் என்னும் படை அதிகாரி, தாள் நெகட்டிவ்களையும் கனத்த கேமராவையும் சுமந்துகொண்டு திருவரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை ஆகிய ஊர்களுக்குச் சென்றார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டை, 1858இல் பகுதி பகுதியாக எடுத்து, இருபத்தொரு படங்களை ஒன்றாக இணைத்து, பத்தொன்பது அடிக்கும் மேற்பட்ட நீளமுள்ள ஒரே படமாக்கினார். இன்று கைப்பேசி ஒரு நொடியில் செய்யும் அகலக்காட்சியை அவர் ஒட்டுத்தாளால் செய்தார். சில ஆண்டுகளுக்குள் அரசு அப்பணியை நிறுத்திவிட்டது. படங்களோ நிலைத்துள்ளன.

நமக்கு இன்னும் அணுக்கமான சான்று திருப்பருத்திக்குன்றம். ஜின காஞ்சி என்று போற்றப்படும் அவ்வூரின் திரைலோக்கியநாதர் ஆலயச் சங்கீத மண்டபம், விசயநகர அமைச்சர் இருகப்பரால் 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுப்பப்பெற்றது. அதன் விதானத்தில் தீர்த்தங்கரர் வரலாறுகள் தீட்டப்பட்டுள்ளன. சென்னை அரசு அருங்காட்சியகத்தைச் சேர்ந்த டி. என். இராமச்சந்திரன் அவ்வோவியங்களையும் ஆலயங்களையும் ஆராய்ந்து, படங்களுடன் 1934இல் ஒரு நூலாக வெளியிட்டார். எந்தக் காட்சி எங்கே தீட்டப்பட்டிருந்தது, அதன் கீழ் என்ன எழுதப்பட்டிருந்தது என்பதை இன்று ஆராய்வோர் அந்நூலின் பக்கங்களைப் புரட்டுகின்றனர். சுவரின் சாந்து உதிரலாம். உதிருமுன் ஒருவர் எடுத்த படம் அதன் சாட்சியாக நிற்கும்.

இவர்கள் அரசுப் பணியாகச் செய்தவர்கள். ஓய்வு நேரத்தில் ஒருவர் என்ன செய்ய இயலும் எனலாம். ஐராவதம் மகாதேவன் இந்திய ஆட்சிப் பணியில் இருந்தவர். கல்வெட்டாய்வு அவருடைய அலுவலன்று. தமிழகத்துக் குகைத்தளங்களுக்கு நேரிற் சென்று, நம் முனிவர்கள் துயின்ற கற்படுக்கைகளின் மேலுள்ள தமிழ்-பிராமி எழுத்துகளைப் படித்து, 1966இல் ஒரு தொகுப்பாகத் தந்தார். அதே பணியைத் தொடர்ந்து செம்மைப்படுத்தி, 2003இல் பெருநூலாக வெளியிட்டார். ஆர்வமாகத் தொடங்கிய ஒன்று, நாற்பதாண்டு உழைப்பில் ஒரு துறைக்கே அடிப்படை நூலாயிற்று.

மென்பொருள் பொறியாளர் இவ்விடத்தில் ஒரு படி மேலும் உதவக்கூடியவர். தேய்ந்த எழுத்தைப் படிப்பதற்கு மென்பொருளே இன்று துணை செய்கிறது. 2001இல் எச்.பி. ஆய்வகத்தைச் சேர்ந்த டாம் மால்ஸ்பெண்டரும் அவருடைய குழுவினரும் ஒரு முறையை வெளியிட்டனர். கேமராவை அசையாமல் நிறுத்தி, விளக்கை மட்டும் வெவ்வேறு திசைகளில் மாற்றி, பல படங்கள் எடுத்தல் வேண்டும். அப்படங்களைக் கணினி ஒன்றுசேர்த்தபின், திரையில் ஒளியை நாம் விரும்பிய பக்கத்திலிருந்து பாய்ச்சிப் பார்க்கலாம். வெறுங்கண்ணுக்குப் புலப்படாத எழுத்து சில வேளைகளில் இதனால் புலப்படும். பின்னாளில் இம்முறை எளிதாயிற்று. கல்லின் பக்கத்தில் பளபளப்பான ஒரு கருங்கோளத்தை வைத்தால், அதில் விழும் ஒளிப்புள்ளியைக் கொண்டு விளக்கின் திசையைக் கணினியே கணக்கிட்டுக்கொள்கிறது. இதற்கான மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. கை விளக்கும், மூன்றுகால் தாங்கியும், பொறுமையும் உள்ள எவரும் முயலலாம்.

இனி, இக்கலையில் தவிர்க்க வேண்டியவை. எழுத்து நன்றாகத் தெரியட்டும் என்று கல்வெட்டின் மேல் சுண்ணக்கட்டியைத் தேய்ப்பது, எண்ணெய் பூசுவது, நீர் தெளிப்பது ஆகியவை கல்லுக்குத் தீங்கு. அளவு தெரியட்டும் என்று சிற்பத்தின் மேல் ஏறி நிற்பதும் சாய்ந்து நிற்பதும் எவ்வகையிலும் தகா. சித்தன்னவாசல் அறிவர் கோயிலின் விதானத்தில் தாமரைக் குளமும், மலர் கொய்வோரும், மீனும் களிறும் தீட்டப்பட்டுள்ள ஓவியம் பெரிதும் மங்கிவிட்டது. அங்கே பளிச்சிடும் விளக்கைப் பயன்படுத்துவதும், சுவரில் கைவைப்பதும் எஞ்சியதையும் கெடுக்கும் செயல். காவலரிடம் கேட்டு, அவர் இசைந்த அளவிற்கே எடுத்தல் வேண்டும். தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள இடங்களில் மூன்றுகால் தாங்கிக்கும் டிரோனுக்கும் முன்னனுமதி வேண்டும். வழிபாட்டிலுள்ள ஜினாலயங்களில் மூலநாயகரைப் படமெடுக்கலாமா என்பதை அவ்வூர்ப் பெரியவர்களே சொல்லத்தக்கவர்கள். முனிவரையும் ஆர்யிகை மாதாஜியையும் அவர்கள் அறியாமல் எடுப்பது மரியாதையன்று.

தீங்கு கல்லுக்கு மட்டும் நேர்வதன்று, உண்மைக்கும் நேரும். வெளிச்சத்தைச் சிறிது கூட்டுவதும், சாய்ந்த படத்தை நேராக்குவதும் திருத்தம். செயற்கை நுண்ணறிவைக் கொண்டு உடைந்த திருமேனிக்கு மூக்கையும் கையையும் ஒட்டி, அதனை அவ்விடத்தின் படம் என்று பரப்புவது பொய். நாளை ஓர் ஆய்வாளர் அப்படத்தை நம்பி எழுதினால், பொய் நூலில் ஏறிவிடும். அவ்வாறு மாற்றிய படத்தின் மீது 'கற்பனை' என்று தெளிவாக எழுதிவிட்டால் குற்றமில்லை. பொருள் வரைதல் என்னும் நோன்பும் இங்கே நினைவிற்கு வருதல் வேண்டும். புதிய லென்ஸ் வந்தவுடன் பழையது சிறுமையாகத் தோன்றுவது இப்பொழுதுபோக்கின் பெரிய நோய். ஒரு கேமரா, ஒரு லென்ஸ், ஒரு தாங்கி எனத் தமக்குத் தாமே வரம்பு கட்டிக்கொண்டவர்கள் பயணத்திற்கு மிகுதியாகச் செலவிட முடிகிறது. கைப்பேசி மட்டுமே உள்ளவரும் இவ்வுரையில் கூறிய பெரும்பாலானவற்றைச் செய்யலாம்.

இப்போது தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு வருவோம். ஆயிரக்கணக்கான படங்களால் என்ன பயன்?

கோவில்பட்டிக்கு அருகிலுள்ள கழுகுமலைக்குச் சென்றவர்கள், பாறைமுகத்தில் வரிசை வரிசையாக அமர்ந்துள்ள தீர்த்தங்கரர் திருமேனிகளைக் கண்டிருப்பர். நாகம் குடைபிடிக்கும் பார்சுவநாதரையும், கொடி படர்ந்த பாகுபலியையும், சிங்கத்தோடு நிற்கும் அம்பிகை இயக்கியையும் அங்கே காணலாம். ஆயினும் பலரும் கவனியாமல் கடந்துவிடுவது, அத்திருமேனிகள் பலவற்றின் கீழே வட்டெழுத்தில் வெட்டப்பட்டுள்ள சிறு வரிகளை. இன்ன ஊரைச் சேர்ந்த இன்னார் இத்திருமேனியைச் செய்வித்தார் என்பதே அவ்வரிகளின் பொருள். குரத்தியர் எனப்பட்ட பெண் ஆசிரியர்களின் பெயர்களும் அவற்றுள் உள்ளன. அவ்வரிகள் இல்லையாயின், பாண்டியர் காலத்தில் நம் பெண்கள் ஆசிரியராக இருந்து அறம் உரைத்தனர் என்பதைக் கழுகுமலை நமக்குச் சொல்லியிராது. திருமேனிகள் மட்டும் இருந்திருக்கும்; மனிதர்கள் மறைந்திருப்பர். ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் உளியேந்தியவர் அறிந்திருந்த இந்த உண்மையை, இன்று கேமரா ஏந்துவோர் மறந்துவிடுகின்றனர்.

ஒரு பொறியாளரின் கணினியைத் திறந்து பார்த்தால், 'டிஎஸ்சி 0412', 'டிஎஸ்சி 0413' எனப் பெயரிட்ட கோப்புகள் நிறைந்திருக்கும். கேமரா, எடுத்த நாளையும் நேரத்தையும் லென்ஸின் அளவையும் தானே எழுதிக்கொள்கிறது. சில கருவிகள் இருப்பிடத்தையும் எழுதுகின்றன. அமெரிக்காவிலிருந்து திரும்பியபின் கேமராவின் கடிகாரத்தை மாற்ற மறந்திருந்தால் அந்நாளும் பிழையாகிவிடும். இக்கோயில் எது, இம்மண்டபத்தைக் கட்டியவர் யார், படத்தில் நிற்கும் முதியவர் எக்குடும்பத்தவர் என்பவற்றை எந்தக் கருவியும் எழுதாது. பிறர் எழுதிவிட்டுப் போன, குறிப்பே இல்லாத நிரலைத் திருத்தக் கொடுத்தால் எவ்வளவு துன்பம் என்பதைப் பொறியாளர் நன்கறிவார். குறிப்பில்லாத பத்தாயிரம் படங்களைப் பிள்ளைகளுக்கு விட்டுச் செல்வதும் அத்தகைய துன்பத்தையே விட்டுச் செல்வதாகும்.

இது விரைவில் செய்ய வேண்டிய பணியாகவும் ஆகிவிட்டது. வடாற்காடு, தென்னாற்காடு, செங்கற்பட்டுப் பகுதிகளின் சிற்றூர்களிலிருந்து நம் குடும்பங்கள் சென்னைக்கும் பெங்களூருக்கும் கடல்கடந்தும் பெயர்ந்துவிட்டன. ஊரில் பூட்டிய வீடுகள். ஆலயத்தில் நாள்பூசைக்கு ஒரே ஒருவர். திருப்பணி நடக்கும்போது அன்பு மிகுதியால் பழைய சுதைச் சிற்பத்தின் மேல் எனாமல் வண்ணம் பூசப்படுகிறது. தரையில் டைல்ஸ் பதிக்கப்படுகிறது. அதன் கீழே எழுத்துள்ள கல் ஒன்று மறைந்துபோகவும் கூடும். யாரையும் குற்றஞ்சொல்ல வேண்டியதில்லை. மறையுமுன் ஒரு படம் எடுத்து வைக்க ஒருவர் வேண்டும், அவ்வளவே. அந்த ஒருவர், அவ்வூரில் பிறந்த தாத்தாவின் பெயரனாகவோ பெயர்த்தியாகவோ இருப்பதைக் காட்டிலும் பொருத்தம் வேறென்ன இருக்கிறது?

செய்யத்தக்கது எளிது. தொலைதூர மலைகளுக்குப் போகுமுன் சொந்த ஊர் ஜினாலயத்திலிருந்து தொடங்கலாம். முதலில் நான்கு திசைகளிலிருந்தும் ஆலயத்தை முழுமையாகவும், பின்னர் ஒவ்வொரு மண்டபமாகவும், அதன்பின் ஒவ்வொரு திருமேனியாகவும், இறுதியாக எழுத்துள்ள ஒவ்வொரு கல்லையும் எடுத்தல் நலம். எழுத்துள்ள கல்லின் அருகே ஓர் அளவுகோலை, கல்லைத் தொடாமல், வைத்தும் வைக்காமலும் இரண்டு படங்கள். ஆண்டு, மாதம், நாள், ஊர், பொருள் என்ற வரிசையில் கோப்பிற்குப் பெயர். ஆயிரம் கோப்புகளின் பெயரை மாற்ற ஒரு பொறியாளர்க்குப் பத்து வரி நிரல் போதும். அதன்பின், நிரலால் ஆகாத வேலை: பாட்டியின் அருகே அமர்ந்து ஒவ்வொரு படமாகக் காட்டி, அவர் சொல்வதை எழுதிக்கொள்ளுதல். அம்மண்டபத்தில் யாருடைய திருமணம் நடந்தது, அத்தீபத்தை யார் வாங்கித் தந்தனர், தேர் எந்தத் தெருவில் திரும்பும் என்பவை அவர் நினைவில் மட்டுமே உள்ளன. அவற்றிற்குக் காப்பு நகல் வேறெங்கும் இல்லை. முடிந்தபின் மூன்று படிகள்: ஒன்று வீட்டில், ஒன்று வேறோர் ஊரில் உள்ள உறவினரிடம், ஒன்று ஆலய நிருவாகத்திடம். தேர்ந்தெடுத்த நூறு படங்களையேனும் குறிப்புகளுடன் தாளில் அச்சிட்டு ஆலயத்தில் வைத்தல் நன்று. வன்தட்டு பழுதாகும், கடவுச்சொல் மறந்துபோகும், தாளைத் திறக்க இரண்டும் வேண்டா.

இவ்வளவும் செய்தபின் அப்பொறியாளர் இமயத்திற்கும் செல்லட்டும், ஐஸ்லாந்திற்கும் செல்லட்டும். அங்கும் அவர் எடுக்கும் படங்கள் முன்னைவிடச் சிறந்திருக்கும். படத்திலுள்ளவர் பெயரைக் கேட்டு எழுதும் பழக்கம் வந்துவிட்டவர், பிறரோடு பேசுகிறார். பேசியபின் எடுக்கும் முகம் வேறாக இருக்கும்.

எனவே பெற்றோர்களே, அடுத்த சனிக்கிழமை விடியுமுன் மகனோ மகளோ கேமராப் பையுடன் புறப்பட்டால், தடுக்க வேண்டா. கட்டுச்சோறு கொடுத்தனுப்புங்கள், இயலுமாயின் உடன் செல்லுங்கள். ஊருக்கு வழி அவர்களுக்குக் கைப்பேசி காட்டும். ஊரில் நிற்பவர்களின் பெயரை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.